மாட்டுக்குக் கீழே மாமா பெயர்

நன்றி சொல்வதற்கும் ஓர் அளவு உண்டு. அந்த அளவு தெரியாமல் நன்றி சொல்லித்தான் நான் என் கல்யாணத்தைக் கிட்டத்தட்டக் கவிழ்த்தேன். குடித்துவிட்டு ஆடவில்லை, வரதட்சணை கேட்கவில்லை, யாரையும் கைநீட்டி அடிக்கவில்லை. பெண்ணின் தாய்மாமனுக்குப் பதினான்கு முறை நன்றி சொன்னேன். அதுவும் தடித்த எழுத்தில். அவ்வளவுதான் நான் செய்த பாவம்.

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். ஆன்லைன் பாடங்கள் தயாரிக்கும் ஒரு சின்ன கம்பெனியில் இருக்கிறேன். பாடத்தை எழுதுகிறவர்கள் வேறு. அவர்கள் எழுதித் தருவதைப் பக்கம் பக்கமாகப் பிரித்து, படம் சேர்த்து, நடுநடுவே கேள்வி வைத்து, போனில் ஓடும்படி செய்வது என் வேலை. கரிக்கலாம்பாக்கத்தில் எங்கள் வீட்டு மாடியறையே எனக்கு ஆபீஸ். வரன் பேச வருகிறவர்களிடம் என் அம்மா, "புள்ள கம்ப்யூட்டர்ல படம் ஒட்டறான்" என்று சொல்லிவைப்பார். (சுவரில் ஒட்டுகிறவன் என்று நினைத்து ஒரு வரன் காபியோடு எழுந்து போனது.)

வேலைக்குச் சேர்ந்த புதிதில் தையல் பாடம் ஒன்று செய்தேன். தையல் மெஷின் படம் வேண்டியிருந்தது. இணையத்தில் தேடினேன், வந்தது, எடுத்து ஒட்டினேன். கண்ணுக்குத் தெரிவதெல்லாம் இலவசம் என்று நினைத்துக்கொண்டிருந்த காலம் அது. படத்தை எடுத்தவர் கடல் தாண்டி ஏதோ ஒரு தேசத்தில் இருந்தார், எப்படியோ கண்டுபிடித்துவிட்டார். அவர் அனுப்பிய கடிதத்தை எங்கள் மேலாளர் ரமணி சார் என்னை நிற்கவைத்து முழுசாக வாசித்தார்.

"ரோட்டோரம் ஒரு பைக் நிக்குது, சாவியும் அதுலயே தொங்குது. எடுத்துக்கினு போயிடுவியாப்பா?"

"இல்ல சார்."

"அப்ப இத்த மட்டும் எப்படி எடுத்த? எடுத்துக்கோன்னு எழுதிக் குடுத்திருந்தா மட்டும் எடு. பேரு போடச் சொல்லியிருந்தா பேரு போடு. புரிஞ்சிதா?"

புரிந்தது. கொஞ்சம் அதிகமாகவே புரிந்துவிட்டது. அன்றிலிருந்து மாலை போட்ட சாமி மாதிரி விரதம் பிடித்தேன். எந்தப் படமும் கேட்காமல் எடுக்க மாட்டேன், பேர் போடாமல் போட மாட்டேன். ஓர் எறும்பின் படத்தை வைத்தாலும், அந்த எறும்பைப் படமெடுத்த புண்ணியவான் பெயர் அதன் காலடியில் இருக்கும். ஆபீசில் மற்றவர்கள் பாடத்தையெல்லாம் திறந்து பார்த்து, "இந்தப் படத்துக்குக் கீழ பேர் இல்லையே" என்று கை நீட்டுவேன். என்னைக் கண்டால் ஒருவனுக்கும் ஆகாது.

இந்த நிலையில்தான் எனக்குப் பெண் அமைந்தது. ஊர் செல்லிப்பட்டு. பெயர் மஞ்சுளா, வில்லியனூரில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. பூ வைத்துவிட்டு வந்த பிறகு இரண்டு மாதம் போனில் பேசினோம். எனக்கு அவளை ரொம்பப் பிடித்துவிட்டது. பிடித்துவிட்டது என்று சாதாரணமாகச் சொல்கிறேன், அவள் போன் வராத நாளில் நான் சோற்றில் மோருக்குப் பதில் தண்ணீர் ஊற்றிச் சாப்பிட்டிருக்கிறேன்.

மஞ்சுவுக்குச் சின்ன வயதிலேயே அப்பா இல்லை. வளர்த்தது தாய்மாமன் தனகோட்டி. அவருக்கும் அத்தைக்கும் பிள்ளை இல்லை. மஞ்சுதான் அவர்களுக்கு எல்லாம். ஆகவே அந்த வீட்டில் எதற்கும் மாமா தலையாட்ட வேண்டும். அவர் எனக்குத் தலையாட்டியிருந்தார், ஆனால் அரைகுறையாகத்தான். "பையன் ஒடிஞ்சி வுழற மாதிரி இருக்கறான், பாக்கலாம்" என்பது என்னைப் பற்றி அவர் சொன்ன வாக்கு.

நிச்சயதார்த்தத்துக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கும்போது கம்பெனிக்கு ஒரு வேலை வந்தது. பால் மாடு வளர்ப்பவர்களுக்குத் தமிழில் ஒரு பாடம். மாட்டு நோய்களைப் படம் பார்த்தே அடையாளம் தெரிந்துகொள்ள வேண்டும். கேட்டது ஒரு தொண்டு நிறுவனம். ரமணி சார் அதை என்னிடம் தந்தார்.

நான் இலவசப் படங்கள் தரும் தளங்களில் உட்கார்ந்தேன். பசு என்று தேடினால் பனிமலையடிவாரத்தில் கழுத்தில் பெரிய மணி கட்டிய பசு வந்தது. விவசாயி என்று தேடினால் தொப்பி போட்டு, வாயில் வைக்கோல் கடித்துக்கொண்டு, ஒரு வெள்ளைக்காரர் வந்தார். எருமை என்று தேடியதற்கு வந்ததைப் பார்த்துவிட்டு அம்மா, "இது இன்னாடா, கரடியா?" என்றார். தோள் முழுக்க மயிர் தொங்கும் அமெரிக்கக் காட்டெருமை அது. அதை வைத்துப் பால் கறக்கச் சொல்லிக்கொடுத்தால் எங்கள் பாகூர்ப் பக்கத்து ஜனங்கள் என்னைக் கட்டிவைத்துக் கறந்துவிடுவார்கள். நோய்ப் படங்களோ சுத்தமாகக் கிடைக்கவில்லை. மாட்டுக் கழிச்சலை அழகாகப் படமெடுத்து உலகத்துக்குத் தானமாகத் தருகிற மனசு யாருக்கும் இல்லை.

மஞ்சுவிடம் புலம்பினேன்.

"எங்க மாமா போனப் பாருங்க. அதுல மாட்டப் பத்திதான் மொத்தப் படமும்," என்றாள்.

போய்ப் பார்த்தேன். உண்மைதான். மாமாவிடம் நாலு பசு, இரண்டு எருமை. அவற்றுக்கு லேசாக ஏதாவது என்றாலும் படமெடுத்து மாட்டு டாக்டருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவது அவர் வழக்கம். வாய், மடி, கொம்பு, குளம்பு, வால், வாலுக்குக் கீழ், வாலுக்குக் கீழ் விழுந்தது என்று நூற்றுக்கணக்கில் இருந்தன. ஒவ்வொன்றும் அப்படியொரு தெளிவு. சாணிப் படம் ஒன்றைப் பெரிதாக்கிக் காட்டி, "இன்னா வெளிச்சம் பாத்தியா? என் கல்யாண போட்டோகூட இப்படி வுழல" என்றார்.

நான் பணிவாக அனுமதிக் கடிதத்தை நீட்டினேன். (வருங்கால மாமனிடம் கையெழுத்து வாங்கப் படிவத்தோடு போன முதல் மாப்பிள்ளை நானாகத்தான் இருப்பேன்.)

"காசு கீசு வாணாம் மாப்ள. பேரு மட்டும் போட்ரு."

"மாமா, பேரு போடாம நான் படமே போடமாட்டன்."

"எல்லாத்துக்குமா போடுவ?"

"ஒவ்வொரு படத்துக்கும் மாமா."

"அப்படிப் போடு!" என்று முதல் தடவையாக என் தோளில் தட்டினார். தோள் இரண்டு நாள் வலித்தது, ஆனால் மனசு நிறைந்துவிட்டது. அன்று சாயங்காலமே செல்லிப்பட்டு முழுக்க, "நம்ம படம் ஆன்லைன்ல வருது, பேரோட" என்று சொல்லிவிட்டார்.

பதினான்கு படம் தேர்ந்தெடுத்தேன். மேலே தலைப்பு, நடுவில் படம், படத்துக்குக் கீழே பெயர். முதலில் 'படம்: கோ. தனகோட்டி, செல்லிப்பட்டு' என்றுதான் போட்டேன். போன் திரையில் அது இரண்டு வரியாக உடைந்து அசிங்கமாக இருந்தது. என் அழகுணர்ச்சி தாங்கவில்லை. 'படம்' என்ற சொல்லை எல்லாப் பக்கத்திலும் எடுத்தேன். பெரிய பத்திரிகைகளில் பெயர் மட்டும்தானே போடுகிறார்கள் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். மிச்சமிருந்த பெயரைத் தடித்த எழுத்தாக்கினேன்.

தொண்டு நிறுவனத்திலிருந்து வந்த வித்யா மேடம் கோயம்புத்தூர்க்காரர். முன்னோட்டத்தை செல்லிப்பட்டு பால் சங்கக் கட்டிடத்தில் வைத்துக்கொள்ளலாம் என்றார். ஜனங்கள் பார்த்துப் புரிந்துகொண்டால்தான் பாடம் ஏற்கப்படும். முந்தின நாள் போன் செய்து, "எழுதப் படிக்கத் தெரியாதவங்களும் வருவாங்களே, ஏதாவது செய்யுங்க" என்றார். நானா செய்யமாட்டேன்? பாடத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் இருக்கும் எல்லா எழுத்தையும் இயந்திரக் குரல் வாசிக்கும் வசதி ஒன்று இருக்கிறது. ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். அழுத்தினேன். ஓடவிட்டுக் கேட்டேனா என்று கேட்காதீர்கள்.

காலை பால் ஊற்றி முடிந்ததும் ஜனம் கூடிவிட்டது. முன்வரிசையில் மாமா. சலவைச் சட்டை, மீசைக்கு எண்ணெய், இரண்டு பக்கமும் பங்காளிகள் நாலு பேர். பெண்கள் பக்கத்தில் மஞ்சு, வேலைக்கு லீவு போட்டுவிட்டு அத்தையோடு வந்திருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். பெரிய டிவியில் பாடத்தை மாட்டிக் கொடுத்தேன். டேப்லெட் வித்யா மேடம் கையில்.

முதல் பக்கம். மாமாவின் செவலைப் பசு வெயிலில் பளபளவென்று நின்றது. இயந்திரக் குரல் பெண்மணி செய்தி வாசிப்பது போல நிதானமாகச் சொன்னாள்.

"ஆரோக்கியமான பசு. கோ தனகோட்டி, செல்லிப்பட்டு."

கூட்டத்தில் லேசாகச் சிரிப்பு. மாமா திரும்பிப் பார்த்து மீசையை நீவிக்கொண்டார். பெருமையாகத்தான் இருந்தார்.

இரண்டாம் பக்கம். மாட்டின் வாயைப் பிளந்து எடுத்த படம்.

"பல்லைப் பார்த்து வயதை அறிதல். கோ தனகோட்டி, செல்லிப்பட்டு."

"வயசு இன்னா வந்துச்சி?" என்று பின்னாலிருந்து அஞ்சலை அக்கா குரல் கொடுத்தார். (பால் சங்கத்தில் அவர் வாயில் விழாதவர் இல்லை.) இப்போது சிரிப்பு கொஞ்சம் பலமாக வந்தது.

மூன்றாம் பக்கம்.

"உண்ணித் தொல்லை. கோ தனகோட்டி, செல்லிப்பட்டு."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்கள் ஊர்ப் பக்கம் தெருவுக்குத் தெரு ஃப்ளெக்ஸ் பேனர் நிற்கும். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, பிறந்தநாள், கண்ணீர் அஞ்சலி என்று எதுவானாலும் அதில் வட்ட வட்டமாக முகங்கள், ஒவ்வொரு முகத்துக்கும் கீழே ஒரு பெயர். அந்தப் பெயர் அந்த முகத்துக்குச் சொந்தமானது. படமெடுத்தவன் பெயரை எவனும் எந்தக் காலத்திலும் போட்டதில்லை. நடை பழகுகிற குழந்தைக்குக்கூட இது தெரியும். மாடியறையில் உட்கார்ந்திருந்த எனக்கு மட்டும் மறந்துபோயிற்று. இந்தக் கட்டிடத்தில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் இப்போது திரையில் தெரிவது மாடு இல்லை, தனகோட்டி.

மீதிப் பதினொரு படம் என்னென்ன என்று மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். பதினான்காவதில் வந்து நின்றுவிட்டேன்.

பதினான்காவது படத்துக்குத் தலைப்பு, 'சினை பிடிக்காமை'.

அது மட்டும் வரக்கூடாது. மற்ற எதை வேண்டுமானாலும் சொல்லிச் சிரித்துக்கொள்ளட்டும். பிள்ளையில்லாத மனுஷன், பெண்டாட்டியும் அதே கூடத்தில் உட்கார்ந்திருக்கிறாள். அது வந்தால் என் கல்யாணம் மட்டுமில்லை, அந்த மனுஷன் ஊரில் தலைநிமிர்ந்து நடப்பதும் போய்விடும். நான் மேடத்திடம் ஓடினேன்.

"மேடம், கொஞ்சம் நிறுத்திடலாமா? ஒரு சின்னத் திருத்தம்."

"ஏன்? எல்லாரும் எவ்வளவு ஆர்வமாப் பாக்கறாங்க! இருங்க, அடுத்ததுக்குப் போறேன்." அழுத்திப் பார்த்தார். "போகமாட்டேங்குதே?"

போகாது. குரல் முழுக்க வாசித்து முடிக்கும்வரை யாரும் தாவிப் போகக்கூடாது என்று பூட்டு வைத்ததும் நான்தான். அந்த ஏற்பாட்டுக்காக ரமணி சாரிடம் பாராட்டு வேறு வாங்கியிருந்தேன்.

"வயிறு உப்பல். கோ தனகோட்டி, செல்லிப்பட்டு."

"காலையில ஏழு இட்லி துன்னா வேற இன்னா ஆவும்!" இது அஞ்சலை அக்கா. பங்காளிகளே சிரித்தார்கள். மாமாவின் கை மீசையிலிருந்து இறங்கிவிட்டது. அவர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் கூரையில் மின்விசிறியைப் பார்த்தேன்.

"கழிச்சல். கோ தனகோட்டி, செல்லிப்பட்டு."

கூட்டம் தொடையில் தட்டிச் சிரித்தது. மஞ்சு வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள், சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. நான் சுவரோரமாக நகர்ந்து, கால் தெரியாமல் பட்டதுபோல டிவி பிளக்கை உதைத்தேன். திரை இருண்டது. அப்பாடா என்று இரண்டு மூச்சு விட்டிருப்பேன். ஒரு நல்லவர் எழுந்து வந்து பிளக்கைத் திரும்பச் செருகிவிட்டார். திரை அணைந்து பாடம் நின்றால் அந்தப் பகுதியின் தொடக்கத்திலிருந்து தானாக ஓடும். (அதையும் நான்தான் ஏற்பாடு செய்திருந்தேன். எவ்வளவு கெட்டிக்காரன் பாருங்கள்.) உண்ணியும் வயிறு உப்பலும் கழிச்சலும் மாமாவுக்கு இரண்டாம் முறை வந்தன.

அதற்குப் பிறகு கேள்விப் பகுதி. ஒரு படம் வரும், அதைப் பார்த்து ஜனங்கள் நோயைச் சொல்ல வேண்டும். வாயில் நுரை தள்ளிய எருமை வந்தது. வித்யா மேடம் உற்சாகமாக, "இதுல என்ன பிரச்சினைன்னு யாராவது சொல்லுங்க பாப்போம்!" என்றார்.

"தனகோட்டிக்குக் கோமாரி!" என்று மொத்தக் கூடமும் ஒரே குரலில் சொன்னது.

"சரியான விடை," என்றாள் இயந்திரக்காரி.

மேடம் என் பக்கம் குனிந்து, "தனகோட்டின்னா இந்தப் பக்கத்து மாட்டு இனமா?" என்று மெதுவாகக் கேட்டார். நான் டிவி ஒயரைச் சரிசெய்வதுபோலக் குனிந்துவிட்டேன்.

பன்னிரண்டு. பதிமூன்று. மேடத்தின் கையிலிருந்து டேப்லெட்டைப் பிடுங்கிவிடலாம் என்றே எழுந்துவிட்டேன். இரண்டடி வைப்பதற்குள் பக்கம் மாறிவிட்டது.

படத்தில் அத்தை கையால் புல் தின்னும் அழகான கறுப்புப் பசு.

"சினை பிடிக்காமை. கோ தனகோட்டி, செல்லிப்பட்டு."

ஒருவரும் சிரிக்கவில்லை. அஞ்சலை அக்கா வாயைத் திறந்து, அப்படியே மூடிக்கொண்டார். மாமா எழுந்தார், துண்டை உதறித் தோளில் போட்டார், யாரையும் பார்க்காமல் வெளியே போனார். அத்தை பின்னாலேயே போனார். மஞ்சு என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அவளும் போனாள். அந்தப் பார்வை இன்றுவரை எனக்குக் கனவில் வருகிறது.

வித்யா மேடத்துக்குப் பாடம் ரொம்பப் பிடித்திருந்தது. ஒரு நோயைக்கூட ஜனங்கள் தப்பாகச் சொல்லவில்லையாம். ரமணி சார் போனில் வாழ்த்தினார். நான் மாடியறையில் கவிழ்ந்து படுத்திருந்தேன். மஞ்சுவிடமிருந்து ஒரே ஒரு செய்தி வந்தது. "மாமா சாப்பிடல. நீங்க இப்ப வராதீங்க."

அம்மா விஷயத்தைக் கேட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "ஏன்டா, பெத்தவ நான், என் பேர ஒரு எடத்துல போட்டிருக்கறியா நீ? அந்த மனுசன் பேர மட்டும் மாட்டுக்கு மாடு எழுதிவெச்சிட்டு வந்திருக்கறியே, நீ நல்லா இருப்பியா?"

வேறு வழியில்லாமல், இலவசப் படங்களின் உரிம விதிகளை அன்றுதான் முதல்முறையாக ஒழுங்காகப் படித்தேன். ஊரையெல்லாம் மிரட்டிக்கொண்டிருந்தவன் அதுவரை மேலோட்டமாகத்தான் பார்த்திருக்கிறேன். பெயர்களை ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் போட வேண்டிய கட்டாயமே இல்லை. கடைசிப் பக்கத்தில் பட்டியலாகப் போட்டு நன்றி சொன்னாலும் போதும். இரண்டு நிமிஷம் படித்திருந்தால் தெரிந்திருக்கும். பதினான்கு பெயரையும் நீக்கினேன். கடைசிப் பக்கத்தில், 'படங்களை எடுத்து உதவியவர்' என்று முழு வாக்கியமாக எழுதி மாமா பெயரைப் போட்டேன்.

மூன்றாம் நாள், வராதே என்று சொன்னதையும் மீறிப் போய்விட்டேன். மாமா கொட்டகையில் எருமையைத் தேய்த்துக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தும் பார்க்காதது போலத் தண்ணீரை இறைத்தார். பாதி எருமைமேல், பாதி என்மேல்.

"மாமா, தப்பு பண்ணிட்டன்."

எருமையைத் திருப்பி நிறுத்தி மறுபக்கம் தேய்த்தார்.

"வேணும்னு செய்யல மாமா. பேரு போடறதா வாக்கு குடுத்தேன், அதான்…"

"பாலுக்குப் போனா, 'இன்னா தனகோட்டி, கழிச்சல் நின்னுச்சா'ன்றான்," என்றார் எருமையிடம். "டீக்கடைக்குப் போனா உண்ணி எடுத்து வுடவான்றான். அதயெல்லாம் உட்டுட்டன். நானும் நாலு பேரக் கிண்டல் பண்ணவன்தான். கடசீப் படத்துக்கு ஒருத்தன்கூட சிரிக்கல பாத்தியா? அதத்தான் என்னால தாங்க முடியல."

எனக்கு அழுகை வந்துவிட்டது. இருபத்தெட்டு வயசில், எருமைத் தண்ணீர் சொட்டச் சொட்ட, கொட்டகையில் நின்று அழுதேன். மஞ்சுவுக்காகப் போனவன், அந்த நிமிஷம் அவளை மறந்தே போனேன். இந்த மனுஷனுக்கு இப்படிச் செய்துவிட்டேனே என்பதுதான் நெஞ்சில் நின்றது. அதை அப்படியே சொன்னேன். பேர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டதையும் சொன்னேன்.

அவர் தேய்ப்பதை நிறுத்தினார்.

"ஏன்டா, நெஜமாவே படம் எடுத்தவன் பேரதான் போடுவாங்களா?"

"ஆமாம் மாமா. உலகம் பூரா அதான் வழக்கம்."

"மனுசன் படமா இருந்தாலும்?"

"எதுவா இருந்தாலும் எடுத்தவங்க பேருதான் மாமா. சட்டமே இருக்குது."

"சட்டமே இருக்குதா?" கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு இடுப்பிலிருந்து போனை எடுத்தார். "நில்லு அப்படியே."

கண்ணைத் துடைப்பதற்குள் எடுத்துவிட்டார்.

"போ. நிச்சயம் நடக்கும். கல்யாண ஃப்ளெக்ஸ் மட்டும் என் பொறுப்பு. நீ அதுல வாயத் தொறக்கக்கூடாது, இன்னா?"

வாயே திறக்கவில்லை. நிச்சயம் நல்லபடியாக முடிந்தது. அவர் ஃப்ளெக்ஸில் என்ன செய்வாரோ என்று தாலி கட்டும் நாள்வரை யோசித்துக்கொண்டே இருந்தேன். எருமையை மாப்பிள்ளை என்று போடுவார் என்றுதான் எதிர்பார்த்தேன். அதற்கும் மனசைத் தயார் செய்திருந்தேன்.

மண்டப வாசலில் இரண்டு ஆள் உயரத்துக்கு ஃப்ளெக்ஸ் நின்றது. இடது பக்கம் ஸ்டூடியோவில் எடுத்த மஞ்சு, மகாலட்சுமி போல. கீழே 'மணமகள் மஞ்சுளா'. வலது பக்கம் நான். தலைமுடி நெற்றியில் ஒட்டி, கண் சிவந்து, மூக்கு வடிந்து, வாய் பாதி திறந்து. கீழே தடித்த எழுத்தில், 'கோ. தனகோட்டி, செல்லிப்பட்டு'. என் பெயர் ஃப்ளெக்ஸில் எந்த மூலையிலும் இல்லை.

எங்கள் பெரியம்மா குடும்பம் அதைப் படித்துவிட்டு, வேறு யார் வீட்டுக் கல்யாணமோ என்று நினைத்து, பக்கத்து மண்டபத்தில் போய் வயிறார டிபன் சாப்பிட்டுவிட்டு வந்தது. "என் புள்ள பேரு எங்க?" என்று அம்மா வாசலிலேயே சண்டைக்குப் போனார். மாமா கைகூப்பி வரவேற்றபடி, "எடுத்தவன் பேரதான் போடணுமாம் சம்பந்தி. சட்டமாம். உங்க புள்ளதான் சொன்னான்" என்றார். மணவறையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மஞ்சு கண்ணில் நீர் வரக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள், ஹோமப் புகையால் வந்த கண்ணீர் என்று நினைத்து ஐயர் விசிறிவிட்டார்.

அன்றிலிருந்து செல்லிப்பட்டில் நான் தனகோட்டி. பால் சங்கத்தில், டீக்கடையில், கோயிலில், எல்லா இடத்திலும் சின்ன தனகோட்டிதான். கல்யாணப் பத்திரிகை வந்தால் உறையில் அந்தப் பெயர்தான் இருக்கும். மஞ்சு என் நம்பரைப் போனில் 'தனகோட்டி இரண்டு' என்று வைத்திருக்கிறாள். விஷயம் தெரியாத யாராவது, "அவரு பேரு சரவணன்பா" என்று திருத்தினால் மாமாவுக்குக் கோபம் வந்துவிடும். "எடுத்தது நானு. என் பேருதான்" என்பார்.

போன மாதம் எங்களுக்கு மகள் பிறந்தாள். நர்ஸ் துணியில் சுற்றி வெளியே கொண்டுவந்ததும் முதல் படத்தை எடுத்தவர் மாமாதான். படம் கொஞ்சம் கலங்கிவிட்டது, சாணிப் படத்தில் பாதித் தெளிவுகூட இல்லை. அங்கேயே உட்கார்ந்து, எழுத்தெழுத்தாகத் தேடித் தட்டி, சொந்தக்காரர்கள் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். குழந்தைக்குக் கீழே, 'கோ. தனகோட்டி, செல்லிப்பட்டு'.

அம்மா அதைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து, "இன்னாடா இது, புள்ளைக்குமா அந்தாளு பேரு?" என்றார்.

"எடுத்தவர் அவர்தானம்மா," என்றேன். "இருக்கட்டும்."